விரல் சோதனையா, ஸ்வாபா, எச்.ஆர்.ஏ.வா? எச்.ஐ.வி.யோடு வாழும் ஆண்களுக்கு ஆசனவாய் ஸ்கிரீனிங்

"ஆசனவாய்ப் புற்றுநோய் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க டெஸ்ட் இருக்காமே, நான் எடுத்துக்கணுமா?" எச்.ஐ.வி.யோடு வாழும் ஆண்கள், அதிலும் நாற்பதை ஒட்டிய வயதுக்காரர்கள், இப்போது இதைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். டெஸ்ட் இருக்கிறது. ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. கையுறை போட்ட விரலால் தடவிப் பார்ப்பது ஒன்று. ஸ்வாப் குச்சியால் செல்களை எடுத்து லேபுக்கு அனுப்புவது இன்னொன்று. பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்து உள்ளே நேராகப் பார்ப்பது மூன்றாவது, அதைத்தான் எச்.ஆர்.ஏ. என்கிறார்கள். மூன்றையும் ஒரே வேலைக்கான மூன்று விலைச் சரக்கு என்று நினைத்துத்தான் பலரும் குழம்பிப் போகிறார்கள். உண்மையில் மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்களைத் தேடுகின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த டெஸ்ட் என்பது இரண்டாவது கேள்வி. அந்த டெஸ்டில் கோளாறு என்று வந்தால் அடுத்து உங்களைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் யாராவது எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. இருந்தால் ஸ்வாப் எடுங்கள். இல்லையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை விரல் சோதனை செய்துகொள்ளுங்கள், ஸ்வாபுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

சரி, இவ்வளவு அக்கறை எடுக்கும் அளவுக்கு ஆபத்து பெரிதா? பொதுமக்களில் ஆசனவாய்ப் புற்றுநோய் அபூர்வம். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும். ஆண்களோடு உறவுகொள்ளும், ஆனால் எச்.ஐ.வி. இல்லாத ஆண்களில் அது லட்சத்துக்கு 19. எச்.ஐ.வி. உள்ள மற்ற ஆண்களில் 32. இரண்டும் சேர்ந்தவர்களில் சுமார் 85, அறுபது வயதைத் தாண்டினால் நூறையும் கடக்கிறது. இவை பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான எண்கள். பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கத்துத் தரவுகள். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திசையில் ஏறுகிறது என்பதில் சந்தேகமில்லை.

இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், அதிலும் முக்கியமாக அதன் 16-ஆம் வகை. பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ்தான். நோய் எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தால் உடம்பு இதைப் பெரும்பாலும் விரட்டிவிடும். சிடி4 எண்ணிக்கை, அதாவது எதிர்ப்பு சக்தியைக் காட்டும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஒரு காலத்தில் தரைமட்டத்துக்குப் போய்வந்தவர்களிடம் அது தங்கிவிடுகிறது. எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையால் இப்போது சிடி4 எழுநூறைத் தொட்டு, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவில் இருந்தாலும், அந்தப் பழைய சரிவின் தாக்கம் முழுசாக அழிவதில்லை. இது நம்மவர்களுக்கு முக்கியம். 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி.யைத் தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் எட்டு மையங்களில் ஒன்று. அன்றைய விதிப்படி, வேறு தீவிர நோய் இல்லாதவர்களுக்குச் சிடி4 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. பிறகு அந்த வரம்பு படிப்படியாக உயர்ந்தது, எச்.ஐ.வி. என்று தெரிந்ததுமே மருந்து என்பது 2017-ல்தான் வந்தது. அந்தப் பழைய காலத்தில் காத்திருந்து மருந்து தொடங்கியவர்கள் இன்று ஐம்பதுகளில் இருக்கிறார்கள். யாருக்கு ஸ்கிரீனிங் (அறிகுறி வருவதற்கு முன்பே செய்யும் சோதனை) முதலில் என்று என்னைக் கேட்டால் அவர்களைத்தான் கைகாட்டுவேன். அவர்களிலும் சிகரெட் பிடிப்பவர்களை இன்னும் முன்னால் நிறுத்துவேன்.

புற்றுநோய் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. முதலில் ஆசனவாயின் உட்புறத் தோலில் செல்கள் உருமாறுகின்றன. லேசான மாற்றம் பெரும்பாலும் தானாகவே போய்விடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தீவிர மாற்றம் என்று பயாப்ஸியில் (சின்னத் துண்டு சதையை எடுத்துச் சோதிப்பதில்) வருவதுதான் புற்றுநோய்க்கு முந்தைய கட்டம். அதைக் கண்டுபிடித்துச் சுட்டு அழித்தால் புற்றுநோய் குறையுமா என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. பதில் தந்தது அமெரிக்காவில் நடந்த ஆங்கர் ஆய்வு. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோயல் பலெஃப்ஸ்கி தலைமையில், 35 வயதுக்கு மேற்பட்ட, எச்.ஐ.வி.யும் தீவிர மாற்றமும் உள்ள 4,400-க்கும் அதிகமானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே சிகிச்சை, மறுபாதிக்குச் சிகிச்சையின்றி நெருக்கமான கண்காணிப்பு. 2022-ல் முடிவு வெளியானது: சிகிச்சை பெற்றவர்களில் 9 பேருக்குப் புற்றுநோய், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 21 பேருக்கு. அதாவது 57 சதவீதம் குறைவு.

57 சதவீதம் என்றதும் உடனே ஓடவேண்டும் போலத் தோன்றும். அதையே தலைகளாக எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் நிதானம் வரும். தீவிர மாற்றம் உள்ள ஆயிரம் பேரை எதுவும் செய்யாமல் விட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்குப் புற்றுநோய் வருகிறது. சிகிச்சை செய்தால் இரண்டுக்கும் கீழே. தீவிர மாற்றம் இருக்கிறது என்ற ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போகும் ஆண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ எதுவும் ஆகப்போவதில்லை. இன்னொரு பக்கம், சிகிச்சை செய்தும் ஒன்பது பேருக்கு வந்திருக்கிறது, அதையும் மறக்கக் கூடாது. சிட்னியில் தன்பாலீர்ப்பு ஆண்கள் 617 பேரைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்பாங்க் ஆய்வில், தீவிர மாற்றங்களில் கணிசமானவை சிகிச்சை இல்லாமலே மறைந்தன. மறையாமல் அடம்பிடித்து நின்றவை எச்.பி.வி. 16 தங்கியிருந்தவர்களிடம் அதிகம்.

இனி விரல் சோதனை. மூன்றில் மிக மலிவானது, மிகப் பழையது, மருத்துவர்களே மிக அலட்சியமாகச் செய்வதும் இதுதான். ஒழுங்காகச் செய்தால் இப்படி இருக்கும்: இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முதலில் ஆசனவாயைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் வரை தோலை வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பிறகு ஜெல் தடவிய ஆள்காட்டி விரலை மெதுவாக உள்ளே விட்டு, முழு வட்டமாகச் சுற்றி, சுவரின் ஒவ்வொரு பக்கத்தையும் அழுத்தித் தடவுவார்கள். கட்டி, கடினமான இடம், புண், ஒரு புள்ளியில் மட்டும் வலி, இவற்றைத்தான் தேடுகிறார்கள். கடைசியாகத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓரிரு நிமிட வேலை. இதில் ஒரு நுணுக்கம்: பிராஸ்டேட்டுக்குச் செய்யும் விரல் சோதனையும் இதுவும் ஒன்றில்லை. பிராஸ்டேட்டைத் தேடும் விரல் நேராக உள்ளே போய் முன்பக்கத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்துவிடும். நமக்குத் தேவையான முதல் மூன்று நான்கு சென்டிமீட்டர் அதற்கு வெறும் நுழைவாசல்தான். "போன மாசம்தான் பிராஸ்டேட்டுக்குப் பார்த்தாங்க" என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

விரல் சோதனையால் முடியாததையும் சொல்லவேண்டும். செல் மாற்றம் விரலுக்குத் தட்டுப்படாது. எனவே இது புற்றுநோயைத் தடுக்காது. வந்த புற்றுநோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கும். அது சாதாரணமான லாபமில்லை. ஆசனவாய் விளிம்புத் தோலில் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டியைப் பல நேரங்களில் வெட்டி எடுத்தாலே போதும். அதற்கு மேல் வளர்ந்தால் ஆறு வாரம் போல கதிர்வீச்சு, கூடவே கீமோ. அதிலும் பெரும்பாலோர் குணமாகிறார்கள், ஆனால் அந்த இடத்தில் கதிர்வீச்சு வாங்கிய பிறகு மலம் கழிப்பதும் உறவும் பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது. பரவிய பிறகு கண்டுபிடித்தால் கதை வேறு.

தமிழ்நாட்டில் விரல் சோதனைக்கு ஒரு கூடுதல் பலன் இருக்கிறது. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் "மூலம், பௌத்திரம், ஆசனவாய் வெடிப்பு, ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று மஞ்சள் சுவரில் நீல எழுத்தில் எழுதியிருக்கும். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம், உட்கார வலித்தால் மூலம், கையில் ஏதோ தட்டுப்பட்டால் அதுவும் மூலம். நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம், மெடிக்கல் ஷாப்பில் ஆயின்மென்ட் வாங்குகிறோம், துத்திக்கீரை சாப்பிடுகிறோம். கிளினிக்கிலும் பல இடங்களில் படுக்கவைத்துப் பார்க்காமலே மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு இரண்டு மூன்று வாரம் கடந்தும் ரத்தமோ வலியோ அரிப்போ நிற்கவில்லை என்றால், விரல் வைத்துப் பார்க்காமல் மூலம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மூலமும் இருக்கலாம், கூடவே வேறொன்றும் இருக்கலாம். அறிகுறி உள்ளவருக்கு ஸ்கிரீனிங் என்ற பேச்சே எழாது. அவர் நேராக அறுவை சிகிச்சை நிபுணரிடம் போகவேண்டும், சந்தேகப்படும் இடத்தில் பயாப்ஸி எடுக்கவேண்டும்.

ஸ்வாபுக்கு வருவோம். பாலியஸ்டர் நுனி வைத்த குச்சியைத் தண்ணீரில் நனைத்து, ஐந்தாறு சென்டிமீட்டர் உள்ளே விட்டு, சுவரில் அழுத்திச் சுற்றிச் சுற்றி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு வெளியே இழுப்பார்கள். விரலில் தடவும் ஜெல் மாதிரியைக் கெடுத்துவிடும், அதனால் ஸ்வாப் முதலில், விரல் சோதனை பிறகு. முந்தைய 24 மணி நேரத்தில் எனிமாவும் ஆசனவாய் உறவும் கூடாது. வலி இல்லை, கூச்சம்தான். வீட்டிலேயே தானாக எடுத்துத் தபாலில் அனுப்பும் முறையை அமெரிக்காவில் மில்வாக்கியில் சோதித்துப் பார்த்தார்கள். கிளினிக்குக்கு வரச் சொன்னவர்களைவிட வீட்டில் எடுக்கச் சொன்னவர்கள் அதிகமாக எடுத்து அனுப்பினார்கள். கூச்சம் எவ்வளவு பெரிய தடை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

எடுத்த மாதிரியை இரண்டு விதமாகச் சோதிக்கலாம். செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது சைட்டாலஜி. கருப்பைவாய்க்குச் செய்யும் பாப் டெஸ்ட்டின் அதே முறை. வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடுவது எச்.பி.வி. டெஸ்ட். தீவிர மாற்றம் உள்ள பத்துப் பேரில் சுமார் எட்டுப் பேரைச் சைட்டாலஜி பிடிக்கும், எச்.பி.வி. டெஸ்ட் ஒன்பதுக்கு மேல் பிடிக்கும். அப்படியானால் எச்.பி.வி.தான் மேல் என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் மும்பை ஹம்சஃபர் டிரஸ்ட்டைச் சேர்ந்தவர்களும் இடம்பெற்ற ஓர் ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவுகொள்ளும் இந்திய ஆண்களைப் பரிசோதித்தபோது பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் ஏதோ ஒரு வகை எச்.பி.வி. ஆசனவாயில் இருந்தது. அவர்களிடம் போய் எச்.பி.வி. இருக்கிறதா என்று கேட்பது, மே மாதச் சென்னையில் யாருக்கு வியர்க்கிறது என்று கேட்பதைப் போலத்தான். ஆபத்தான வகைகளை மட்டும் எண்ணினாலும் பாதிக்கு மேல் பாசிட்டிவ் ஆகிவிடும்.

அதனால் எச்.பி.வி. டெஸ்ட்டின் உண்மையான பயன் அதன் நெகட்டிவில் இருக்கிறது. ஆபத்தான வகை எதுவும் இல்லை என்று வந்தால் ஓராண்டு, இரண்டாண்டு நிம்மதியாக இருக்கலாம். பாசிட்டிவ் என்று மட்டும் சொல்லி, 16-ஆம் வகையா இல்லையா என்று பிரித்துச் சொல்லாத ரிப்போர்ட்டால் பெரிய உபயோகம் இல்லை. லேபில் பணம் கட்டும் முன்பு, "16-ஐத் தனியாகச் சொல்வீங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: ஆசனவாய் மாதிரியை வாங்கிப் பழக்கமுள்ள லேபா என்றும் கேளுங்கள். நம் ஊர் லேப்களில் இந்த இரண்டு டெஸ்ட்டும் கருப்பைவாய்க்கென்றே அமைந்தவை, ஆண் பெயரைப் பார்த்ததும் ரிசப்ஷனில் விழிப்பார்கள்.

சைட்டாலஜிக்கு வேறொரு வம்பு. ரிப்போர்ட்டில் 'லேசான மாற்றம்' என்று வந்தாலும் உள்ளே தீவிர மாற்றம் ஒளிந்திருக்கலாம். ஆகவே நார்மல் தவிர வேறு எது வந்தாலும் அடுத்த படி ஒன்றுதான்: எச்.ஆர்.ஏ. இரண்டு டெஸ்ட்டையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டால், எடுக்கலாம், கையில் பணமிருந்தால். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் இளையவர்களுக்குச் சைட்டாலஜியையும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 16-ஐப் பிரித்துச் சொல்லும் எச்.பி.வி. டெஸ்ட்டையும் சொல்வேன். இது என் சாய்வு; சர்வதேச வழிகாட்டுதல்கள் இரண்டையும் சமமாகவே ஏற்கின்றன.

பெண்களின் கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை கால்போஸ்கோப்பி; எச்.ஆர்.ஏ. என்பது ஆசனவாய்க்கான கால்போஸ்கோப்பி. சின்ன ஒளிபுகும் குழாய் ஒன்றை உள்ளே வைத்து, 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியைச் சில நிமிடம் ஒட்டவைப்பார்கள். வினிகரின் இன்னொரு பெயர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாறிய செல்கள் இருக்கும் இடம் வெளுக்கும். பிறகு அயோடின் கரைசல் பூசினால் நல்ல தோல் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகும், தீவிர மாற்றம் உள்ள இடம் சாயம் ஏறாமல் மஞ்சளாக நிற்கும். பெரிதாக்கிப் பார்க்கும் கருவியின் உதவியால் அந்த இடத்திலிருந்து அரிசி முனையளவு பயாப்ஸி எடுப்பார்கள். மொத்தம் பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி. மலம் கழிக்கும்போது ஓரிரு நாள் கொஞ்சம் ரத்தம் வரலாம். தீவிர மாற்றம் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது இது ஒன்றுதான். ஸ்வாப் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவே.

பிரச்சினை ஆள். கால்போஸ்கோப் கருவி எந்தப் பெரிய மகப்பேறு மருத்துவப் பிரிவிலும் இருக்கும். ஆசனவாயின் மடிப்புகளுக்குள் அதை வைத்துப் படிக்கத் தெரிந்த கண் அரிது. அந்தக் கண் பழகப் பல நூறு பேரைப் பார்த்திருக்கவேண்டும் என்று அந்தத் துறைக்காரர்களே சொல்கிறார்கள். அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருக்கிறது. இந்தியாவில் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இதைச் செய்கிறார்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: சர்ஜன் ஓ.பி.யில் குழாய் விட்டுப் பார்க்கும் புராக்டோஸ்கோப்பி எச்.ஆர்.ஏ. ஆகாது. அதில் அமிலமும் இல்லை, பெரிதாக்கலும் இல்லை. மூலத்தைப் பார்க்கத்தான் அது. கொலனோஸ்கோப்பியும் இதற்கு ஈடாகாது, குடலைத் தேடிப் போகும் கேமரா ஆசனவாயை வேகமாகக் கடந்துவிடும். 'கேன்சர் மார்க்கர்' என்று பேக்கேஜில் சேர்த்து விற்கும் ரத்தப் பரிசோதனைகள் எதுவும் இந்த மாற்றத்தைக் காட்டாது.

அமெரிக்க எச்.ஐ.வி. வழிகாட்டுதல் 2024-ல் திருத்தப்பட்டபோது இதைத்தான் வெளிப்படையாக எழுதினார்கள்: ஆண்களோடு உறவுகொள்ளும், எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு 35 வயதிலிருந்து ஸ்கிரீனிங், மற்றவர்களுக்கு 45-லிருந்து, ஆனால் எச்.ஆர்.ஏ.வுக்கு அனுப்ப வழியில்லாத இடத்தில் ஸ்வாப் டெஸ்ட் வேண்டாம், அறிகுறிகளைக் கேட்டு விரல் சோதனை செய்யுங்கள். பணக்கார நாட்டுக்காரர்களே இப்படிச் சொல்லும்போது, மதுரையிலோ சேலத்திலோ இருப்பவர் ஆன்லைனில் ஸ்வாப் கிட் தேடுவதில் பொருளில்லை. 'அசாதாரணம்' என்ற ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் தூக்கம் கெடுவதுதான் மிஞ்சும்.

தூக்கம் கெடுவதோடு போனால்கூடப் பரவாயில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்து, "எதுக்கு வம்பு, மொத்தமா வெட்டி எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கே நில்லுங்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்துக்கு அகலமாக வெட்டும் அறுவை சிகிச்சை பழைய முறை. ஆசனவாய் சுருங்கிப்போவது, மலம் அடக்க முடியாமல் போவது போன்ற விளைவுகளால் அதை இப்போது தவிர்க்கிறார்கள். ஆங்கர் ஆய்வில் பெரும்பாலோருக்குச் செய்தது, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மாறிய இடத்தை மட்டும் மின்சாரத்தால் சுடும் முறை. அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். வலி சில நாள் இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்தால் தணியும். களிம்பிலும் வழி உண்டு: இமிக்விமாட், ஃபுளோரோயுராசில். ஆம்ஸ்டர்டாமில் எச்.ஐ.வி. உள்ள ஆண்களிடம் மூன்றையும் ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்டார்கள்; மின்சாரச் சூடு முந்தியது, ஆனால் எதில் குணமானாலும் ஒன்றரை ஆண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வந்தது. ஆகவே இந்தப் பாதையில் இறங்குபவர் ஒரு சிகிச்சைக்குச் சம்மதிக்கவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேசையில் படுக்கும் ஒரு நீண்ட உறவுக்குச் சம்மதிக்கிறார். வேலை, லீவு, வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது, எல்லாவற்றையும் இதில் கணக்குப் போடவேண்டும்.

சிட்னியிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ இருக்கும் தமிழருக்கு இந்தக் கணக்கு வேறுவிதமாக விழும். அங்கே எச்.ஆர்.ஏ. செய்யும் கிளினிக்குகள் உண்டு. வயது 35-ஐத் தாண்டிவிட்டால் உங்கள் எச்.ஐ.வி. மருத்துவரிடம் ஸ்வாப் கேளுங்கள், கோளாறு வந்தால் எங்கே அனுப்புவார் என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். 35-க்குக் கீழே இருப்பவர்களுக்கு ஸ்வாப் தேவையில்லை. அவர்கள் யோசிக்கவேண்டியது எச்.பி.வி. தடுப்பூசி. இந்தியாவில் சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 9 முதல் 26 வயது வரை ஆண்களுக்கும் அனுமதி பெற்றது. வயது ஏறியபின் அதன் பலன் சரிகிறது: 27 வயதைத் தாண்டிய எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நான்கு வகை எச்.பி.வி.யைத் தடுக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு, பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வந்த மாற்றத்தைத் தடுப்பூசி ஆற்றாது. அதைச் சிகிச்சை என்று சொல்லி விற்றால் நம்பவேண்டாம்.

திருமணமாகி, யாரிடமும் எதையும் சொல்லாமல் வாழும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சோதனையைக் கேட்க நீங்கள் யாரோடு உறவுகொண்டீர்கள் என்று சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. எச்.ஐ.வி. உள்ள எல்லா ஆண்களுக்கும், பெண்களுக்கும்கூட, ஆபத்து பொதுமக்களைவிடக் கூடுதல்தான். 45 வயதிலிருந்து அவர்கள் எல்லோருக்குமே இது பரிந்துரைக்கப்படுகிறது. சொல்ல முடிந்தால் நல்லது, பத்து ஆண்டு முன்னதாகவே தொடங்கலாம். உங்கள் எச்.ஐ.வி. நிலையை உங்கள் அனுமதியின்றி வெளியே சொல்வது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தவறு என்பதும், அந்தச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஏற்கெனவே ஸ்வாப் எடுத்து, 'அசாதாரணம்' என்ற ரிப்போர்ட் கையில் இருக்கிறது, எச்.ஆர்.ஏ. எட்டாக்கனி, என்ன செய்வது? பதற வேண்டாம்; மேலே சொன்ன ஆயிரத்தில் நான்கு என்ற கணக்கு உறுதியான தீவிர மாற்றம் உள்ளவர்களுக்கே. உங்களுக்கு அது இன்னும் உறுதியாகவில்லை. விரல் சோதனையை ஆண்டுக்கு ஒன்றுக்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக்குங்கள், சிகரெட்டை விடுங்கள், மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் 'தீவிரம்' என்றோ 16 என்றோ குறித்திருந்தால் ஒருமுறை வெளியூர்ச் செலவு செய்தாவது எச்.ஆர்.ஏ. செய்யும் இடத்துக்குப் போய்வருவது தகும் என்பேன். 'லேசான மாற்றம்' என்றால் நானாக இருந்தால் விரல் சோதனையோடு காத்திருப்பேன்.

விரல் சோதனையை எப்போது வைத்துக்கொள்வது? ஆண்டுக்கு ஒருமுறை வைரல் லோடுக்கு ரத்தம் கொடுக்கிறீர்களே, அந்த நாளோடு சேர்த்துவிடுங்கள், மறக்காது. ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டமாக இருந்தால் மருத்துவர் "சர்ஜரி ஓ.பி.க்குப் போங்க" என்று சீட்டு எழுதித் தருவார், அதுவும் சரிதான். கேட்கும்போது சுற்றிவளைக்காதீர்கள்: "சார், எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம்னு படிச்சேன். எனக்கு வயசு நாற்பத்தெட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை விரல் வெச்சுப் பார்த்துடுங்க சார். சுத்தி முழுசாப் பார்க்கணும், கட்டி இருக்கான்னு." மருத்துவர் பெண்ணாக இருந்தால் மேடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். "எதாவது தொந்தரவு இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். இருந்தால் ரத்தம், வலி, அரிப்பு, கட்டி, எத்தனை நாளாக என்பதை அவர் பேனாவை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.